தண்ணி நிறைஞ்சிருக்கு

காட்டுநீராவியில் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. ‘தண்ணீர் இல்லை’ என்ற வாக்கியம் மட்டும் கிடையாது.

நாற்பத்து மூன்று வீடுகள். ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்புறத்தில், வரைபடத்தை அச்சடித்தவன் கைதவறி வைத்துவிட்டது போல ஒரு புள்ளி. நீராவி என்றால் அந்தப் பக்கத்தில் குளம் என்று பொருள். குளம் வற்றிப் பல காலமாயிற்று, மிச்சமிருப்பது ஆவி மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் வாயடக்கம் அதிகம். அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் உண்டு. காட்டுநீராவிக்காரர்கள் அந்தச் சலுகையைத் தண்ணீருக்கும் நீட்டியிருந்தார்கள். குடம் காலியானால் ‘தண்ணி நிறைஞ்சிருக்கு.’ தொட்டி வறண்டால் ‘தொட்டி நிறைஞ்சிருக்கு.’ குடம் மெய்யாகவே நிறைந்திருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. நிறைந்த குடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

‘தண்ணி’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லும் இடம் ஊருக்கே ஒன்றுதான். சுடுகாடு. நீர்க்குடம் உடைத்த பிறகு, கொள்ளி வைப்பவர் திரும்பிப் பார்க்காமல் நின்றபடி செத்தவரிடம் அதைச் சொல்ல வேண்டும். உனக்கும் எங்களுக்கும் இனி ஒரு குடத்துத் தண்ணீர் கிடையாது, வீடு தேடி வராதே என்று அர்த்தம். தவசிமுத்து தன் அப்பாவுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு நான்கு நாள் அவன் வேறெதுவும் சொல்லவில்லை.

தவசிமுத்து ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, மோட்டாரை அணைப்பது, இரண்டுக்கும் நடுவில் திட்டு வாங்குவது என்று அவனுக்கு மூன்று வேலைகள். மோட்டார் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்துத் தந்தது உப்புக் கரிக்கும் போர் தண்ணீர். அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். பருப்பு வேகாது. துவைத்த வெள்ளை வேட்டி பழுப்பாகும், பழுப்பு வேட்டி அப்படியே இருக்கும். முப்பத்தைந்து வயதுக்குள் ஊரில் பாதிப் பேருக்குப் பற்களில் காவி ஏறியிருந்தது. இதையெல்லாம் தவசிமுத்து சகித்துக்கொண்டு மோட்டார் போட்டான். சகித்துக்கொள்ள முடியாத ஒன்று, போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் நடந்தது.

அவன் மனைவி வெள்ளத்தாய் தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவள். பெயரிலேயே வெள்ளம் இருப்பதால் ஊருக்கு ராசி என்று சொல்லித்தான் பெண் எடுத்தார்கள். ஒன்பது வருடத்தில் ஊருக்கு ராசி எதுவும் வரவில்லை. அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்ணு முடிஞ்சு போச்சு. இன்னொண்ணைக் காப்பாத்தணும்னா போர் தண்ணி நாக்குல படக் கூடாது. நல்ல தண்ணி, ஒரு நாளைக்கு மூணு லிட்டர். மருந்து மாத்திரையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்” என்றார்.

அதனால்தான் ‘அறிவார்ந்த குடிநீர்ப் பகிர்மானத் திட்டம்’ வந்தபோது, ஊரே தயங்கி நின்றபோது, வீடு வீடாக ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கியவன் தவசிமுத்து. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அவன் பெயரையே ஊர் சொன்னது. அதில் தவறும் இல்லை.

திட்டத்தை விளக்க சமுதாயக் கூடத்துக்கு வந்த பொறியாளர் ஈரோட்டுப் பெண். பெயர் பவதாரிணி. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

“இதை வீட்டுக்கு ஒண்ணு, சமையக்கட்டுச் சுவத்துல மாட்டிருவோம்ங்க. தினமும் காலைல அஞ்சரை மணிக்கு, ‘வணக்கம், வீட்டில் குடிநீர் இருப்பு எப்படி?’னு கேக்கும். நீங்க வாய்ல சொன்னாப் போதும். தண்ணி வேணும்கற வீட்டுக்கு வால்வு தானாத் திறக்கும். வேண்டாம்கற வீட்டுக்குக் குறையும்.”

“குடத்துல ஒரு மிசினை வச்சா அதுவே அளந்துக்கிறாதா மேடம்?” என்று கேட்டான் தவசிமுத்து.

“வெச்சுப் பாத்தோம்ங்கண்ணா, வேற ஊருல. ரெண்டே மாசத்துல உப்பு அரிச்சிருச்சு. மிச்சத்தை எலி கடிச்சிருச்சு. அப்பறம்தான் யோசிச்சாங்க, குடத்தைக் கேக்கறதுக்கு, குடத்துக்காரங்களையே கேட்டுப்போடலாம்னு.”

“நம்மாளுக பொய் சொல்வாகளே. தொட்டி தளும்பும்போதே வீட்டுல வறண்டு கெடக்குன்னு சாதிப்பாக.”

பவதாரிணி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போலச் சிரித்தாள். “அதுலதாங்க இதோட கெட்டிக்காரத்தனமே. பொய் சொல்றப்ப நம்ம தொண்டை ஒரு நூலளவு இறுகும். நமக்கே தெரியாது. இதுக்குத் தெரியும். நூத்துக்கு எவ்வளவு நெசம்னு மார்க் போட்டுரும். பொய் மார்க் வந்தா அந்தப் பேச்சைக் கணக்குலயே எடுக்காது.”

வார்டு மெம்பர் இருளாயி பின் வரிசையிலிருந்து, “இதக் கல்யாணத் தரகர் வீட்டுல மட்டும் மாட்டிப்புடாதத்தா. புள்ளகுட்டியோட பட்டினி கெடப்பாரு” என்றாள். இருளாயி தவசிமுத்துவுக்குச் சின்னாத்தா முறை. ஊரில் யாருக்கு எது நடந்தாலும் முதலில் கேலி செய்பவளும், முதலில் குழம்பு கொண்டுபோய்க் கொடுப்பவளும் அவள்தான்.

பெட்டி பேச்சைப் பதிந்துகொண்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டது. சுவரில் ஒட்டிக்கொண்டு, யாராவது பேசினால் ‘டிக்’ என்று ஆமோதிக்கிற ஒன்றுக்கு ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அரசாங்கத்தின் அறிவார்ந்த திட்டம் ‘பல்லி’ ஆகிவிட்டது.

பவதாரிணி இன்னும் சில விஷயங்கள் சொல்லிவிட்டுப் போனாள். பல்லி அந்தந்த வீட்டு ஆட்களின் குரலை மட்டுமே மதிக்கும். காலையில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ எப்போது தண்ணீரைப் பற்றி அவர்கள் பேசினாலும் எடுத்துக்கொள்ளும். புதுப் பேச்சு பழைய பேச்சை அழித்துவிடும். முதல் தொண்ணூறு நாள் அது கற்றுக்கொள்ளும் காலம். தொண்ணூறாவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக் கணக்கும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு அதுதான் அளவு.

“பத்து வருசமா?” என்றார்கள்.

“மிச்சமாகற தண்ணி கடலோரத்துல கட்டற புது நகரத்துக்குப் போகுதுங்க. அவங்களும் இத்தனை வீடு கட்டலாம்னு திட்டம் போடணுமில்ல?”

குழாயில் முதல் தண்ணீர் வந்த நாளில் ஊர் திருவிழா போல இருந்தது. காவிரித் தண்ணீர். பல மாவட்டம் தாண்டி வந்த களைப்பே தெரியாமல் தெளிவாக விழுந்தது. வெள்ளத்தாய் ஒரு சொம்பு குடித்துவிட்டு இன்னொரு சொம்பு குடித்தாள். “தொண்டைக்குள்ள ஆறு போவுது” என்றாள். தவசிமுத்து வெளியே போய், காரணமே இல்லாமல் கேட்வால்வைத் துடைத்தான்.

நான்காம் நாள் குடங்கள் காலியாயின. நல்ல தண்ணீர் வந்துவிட்டதே என்று எல்லோரும் பருப்பு வேகவைத்து, டீ போட்டு, சின்னப் பிள்ளைகளைத் தலைக்குக் குளிப்பாட்டியிருந்தார்கள். காலை ஐந்தரைக்குப் பல்லி கேட்டது.

“வணக்கம். வீட்டில் குடிநீர் இருப்பு எப்படி?”

“நிறைஞ்சிருக்கு” என்றார்கள் நாற்பத்து மூன்று வீட்டிலும். தவசிமுத்துவின் வீட்டில் சொன்னது அவன்தான்.

‘டிக்.’ “உங்கள் நிறைவில் எங்கள் மகிழ்ச்சி” என்றது பல்லி.

மறுநாள் குழாயில் பாதிதான் வந்தது. குடங்கள் இன்னும் சீக்கிரம் காலியாயின. ஆகவே பெண்கள் இன்னும் அழுத்திச் சொன்னார்கள். “நல்லா நிறைஞ்சிருக்குய்யா.” அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. “சுத்தமா நிறைஞ்சிருக்கு. ஒரு சொட்டு விடாம நிறைஞ்சிருக்கு.” இருளாயி ஒருபடி மேலே போய், “நிறைஞ்சு நாக்கு வறளுதுடா, காது கேக்குதா?” என்று பல்லியிடம் சண்டைக்கே போனாள். பல்லி ‘நிறைஞ்சு’ வரை எடுத்துக்கொண்டு மகிழ்ச்சி தெரிவித்தது.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் என்று வந்து நின்றது. அது உயிர்த் தண்ணீராம். அதற்குக் கீழே குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஊர் மறுபடி போர் தண்ணீருக்குப் போயிற்று. தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் கடலோர நகரத்துக்குப் போகும் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ் ஸ்டாப்பில் பேச்சு ஓய்ந்தால் அந்தச் சத்தம்தான்.

ஊராட்சி அலுவலகத் திரையைப் பார்த்தபோதுதான் தவசிமுத்துவுக்கு விஷயம் விளங்கியது. மாநிலத்திலேயே தண்ணீர் மிகுந்த ஊர்கள் பட்டியலில் காட்டுநீராவி முதலிடத்தில் இருந்தது. பக்கத்தில் உண்மை விழுக்காடு: தொண்ணூற்றொன்பது.

பவதாரிணிக்குப் போன் போட்டான்.

“மேடம், எங்க ஊர்ல நிறைஞ்சிருக்குன்னா நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம் கெடையாது.”

“வேற என்னங்கண்ணா அர்த்தம்?”

தவசிமுத்து வாயைத் திறந்தான். சுடுகாட்டுச் சொல்லைத் தவிர்த்து வேறொன்றைத் தேடினான். “அதுக்கு நேர் எதிரு” என்றான்.

“அப்படின்னா நீங்க எல்லாரும் பொய் சொல்லியிருக்கணுமே. இதுல தொண்ணூத்தொம்பது காட்டுதுங்க.”

“பொய்யெல்லாம் சொல்லல மேடம். எங்களுக்கு அதான் நெசம்.”

பவதாரிணி நல்ல பெண். தலைமை அலுவலகத்துக்கு அன்றே எழுதினாள். ஆறு கோடி மணி நேரத் தமிழைக் கேட்டு வளர்ந்த இயந்திரம் அது என்றும், அகராதியில் நிறைவு என்றால் நிறைவுதான் என்றும், நாற்பத்து மூன்று வீட்டுக்காக மொழியை மாற்ற முடியாது என்றும் பதில் வந்தது. ஊர் மக்கள் கையெழுத்திட்ட மனு ஏதேனும் இருந்தால் பரிசீலிக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி கருணையும் இருந்தது.

மனு எழுத ஊர் கூடியது. ‘எங்கள் ஊரில் தண்ணீர்’ என்பது வரை தவசிமுத்து மளமளவென்று எழுதிவிட்டான். அடுத்த சொல்லை எழுத நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. எழுதினால் சொன்னதைவிடப் பாவம், சொன்னது காற்றில் போகும், எழுதினது நிற்கும் என்றார்கள். கையெழுத்துப் போட ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசகம் இது: ‘எங்கள் ஊரில் தண்ணீர் மிகவும் நிறைந்துவிட்டபடியால், போர்க்கால அடிப்படையில் உடனே தண்ணீர் அனுப்பும்படி கண்ணீருடன் கேட்டுக்கொள்கிறோம்.’

ஒரு வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் எழுபது நாள் ஓடிவிட்டது. வெள்ளத்தாயின் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. வருகிற ஒரு குடத்தில் சமையலுக்குப் போக மிச்சத்தை அவள் குடிப்பாள் என்று தவசிமுத்து நினைத்திருந்தான். ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்தபோது, அவள் போர் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள்.

“அது எதுக்கு?”

“உப்பு தெரியாமக் கெடக்கும்லா.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டரு மூணு லிட்டர்னு சொல்லுதாரு. உங்க ஊரு நிறைஞ்சிருக்குங்குது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன செய்ய?”

அன்றே அவன் பவதாரிணிக்கு மறுபடி போன் போட்டான். அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. “மிசின் மாறாதுங்கண்ணா. நீங்கதான் மாறணும். தொண்ணூறாவது நாள் காலைல எல்லா வீட்டுலயும் நேரா அந்த வார்த்தையைச் சொல்லிருங்க. புதுப் பேச்சு பழசை அழிச்சிரும். நான் வந்து பழக்கி உடறேன்.”

பழகுவதற்கென்று ஒரு தனிப் பல்லியைக் கொண்டுவந்து சமுதாயக் கூடத்தில் வைத்தாள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். முதலில் இருளாயி.

“சொல்லுங்க அம்மா. தண்ணி...”

“தண்ணி...” என்றாள் இருளாயி. “தண்ணி... இருக்கான்னு போயிப் பாக்கணும்.”

“அப்படியில்லீங்க. ரெண்டே வார்த்தை.”

“ஏத்தா, உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சுங்க.”

“அவரு மூஞ்சிய நேராப் பாத்து, ‘நீங்க செத்த பெறகு’ன்னு ஆரம்பிச்சு ஒரு பேச்சுப் பேசிட்டு வா. அப்பறம் நான் சொல்றேன்.”

பவதாரிணி தலையைக் குனிந்துகொண்டாள். இருந்தாலும் இருளாயி மெம்பர். ஊருக்கு முன்னால் நிற்க வேண்டியவள். கண்ணை இறுக மூடி, தாலிக்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு சொற்களையும் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு உட்கார்ந்துவிட்டாள்.

‘டிக்.’ “உண்மை, பதினொரு விழுக்காடு. பொய் எனக் கருதப்படுகிறது.”

அடுத்தவள் பதினான்கு வாங்கினாள். அதற்கடுத்தவள் ஆறு. குரல் நடுங்கியது, தொண்டை அடைத்தது, ஒருத்திக்கு விக்கல் எடுத்தது. எது பயம், எது பொய் என்று பிரித்துப் பார்க்க ஆறு கோடி மணி நேரத் தமிழில் யாரும் பல்லிக்குச் சொல்லித்தரவில்லை.

“நீ சொல்லு தவசி. நீதான இதக் கொண்டாந்த?” என்றது ஒரு குரல்.

தவசிமுத்து முன்னால் போய் நின்றான். முதுகுக்குப் பின்னால் சுடுகாட்டு வேப்பமரம் அசைந்தது போல இருந்தது. சொன்னான்.

“உண்மை, மூன்று விழுக்காடு.”

அன்றைக்கு அதுதான் மிகக் குறைவு.

வெள்ளத்தாய் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் எழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள்.

“எங்கூர்ல இதெல்லாம் கெடையாது தெரியுமா? குடம் காலியாச்சுன்னா நேராச் சொல்லுவோம், எம்மா, தண்ணி இ...”

தவசிமுத்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

அவள் கையை விலக்கினாள். “ஆறு பக்கத்துல ஓடுது. பயமில்லாமச் சொல்லுவோம். சொல்லிட்டு நாலு எட்டு வச்சா ஆறு. தண்ணி கெடக்கிற ஊருக்காரிதான் அந்தப் பேச்சப் பேச முடியும். நான் பேசுதேனே?”

“வேணாம்.”

“ஊரையே சொல்லச் சொல்லி வீடு வீடா நடக்குதீய. நான் சொன்னா மட்டும் வாயப் பொத்துதீய. ஏன்?”

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல முடியாது. மற்றவர்கள் சொன்னால் அது வெறும் வார்த்தை. நோயாளி சொன்னால், அடுத்து அதைச் சுடுகாட்டில் நின்று சொல்ல வேண்டியவன் அவனாக இருப்பான்.

“எனக்குக் குடிக்கணும்ங்க” என்றாள் அவள். அத்தோடு பேச்சு முடிந்தது.

தொண்ணூறாவது நாள் விடிந்தது. ஐந்தரைக்கு நாற்பத்து மூன்று பல்லிகளும் வணக்கம் சொல்லிக் கேட்டன. நாற்பத்து இரண்டு வீட்டிலிருந்தும் நடுங்கிய குரல்கள் எழுந்தன. நாற்பத்து இரண்டு பொய்கள் பதிவாயின. பொய்யைக் கணக்கில் எடுக்காததால் பழைய நிறைவே நின்றது.

தவசிமுத்துவின் வீட்டில் வெள்ளத்தாய் பல்லியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள். “தண்ணி இல்ல. ஒரு சொட்டு இல்ல. ரெண்டு மாசமா இல்ல.”

‘டிக்.’ “உண்மை, தொண்ணூற்றேழு விழுக்காடு. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

ஐந்து நிமிடத்தில் முற்றத்துக் குழாய் உறுமியது. தண்ணீர் விழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் குடம் உருண்டு போயிற்று. எவர்சில்வர் அண்டாவை இழுத்து வைத்தாள். அது நிரம்பியது. குடம் நிரம்பியது. வெள்ளத்தாய் தரையில் உட்கார்ந்து, கையைக் குவித்துக் குழாயிலிருந்து நேராகக் குடித்தாள்.

போன் அடித்தது. “அண்ணா, பாத்தேன். அக்கா பாஸ் பண்ணிட்டாங்க” என்றாள் பவதாரிணி. அவள் குரலும் நடுங்கியது. நல்லவேளை, அதற்கு யாரும் மார்க் போடவில்லை. “ஒண்ணே ஒண்ணுங்க. பன்னெண்டு மணி வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தண்ணியைப் பத்தி வாயே தொறக்காதீங்க. வாய் தவறி என்னமோ வந்து, அது வேற மாதிரி எடுத்துக்கிச்சுன்னா முடிஞ்சது.”

“பல்லியக் கழட்டி வச்சிரவா மேடம்?”

“கழட்டினா வீடு காலின்னு எழுதிக்கும்ங்க. ஒரு குடமும் போயிரும். அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க பேசாம இருங்க, அது போதும்.”

தண்ணீர் விழும் சத்தம் தெருவில் எல்லா வீட்டுக்கும் கேட்டிருந்தது. முதலில் ஒரு பெண் குடத்தோடு வந்து வாசலில் நின்றாள். பிறகு நாலு பேர். பிறகு தெருவே நின்றது. யாரும் கேட்கவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. வெறுமனே நின்றார்கள். தவசிமுத்து மனைவியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். முதல் குடத்தை வாங்கிக் குழாய்க்கடியில் வைத்தாள்.

பேசக் கூடாது என்பதால் இருவரும் ஊமைகளாக வேலை செய்தார்கள். ஊர் பேசியது. “ஏன்டி, நீயே வாயால சொன்னியாமே? நாக்கு சுடலயா?” என்றாள் ஒருத்தி. “ஆத்தங்கரைக்காரிக்கு நாக்கு ஈரம்” என்றாள் இருளாயி. வெள்ளத்தாய் சிரித்துக்கொண்டே அடுத்த குடத்தை வாங்கினாள்.

பதினொரு மணிக்கு அன்றைய அளவு முடிந்து குழாய் நின்றது. பதினொரு பேர் இன்னும் காலிக் குடத்தோடு இருந்தார்கள். வெள்ளத்தாய் தயங்கவேயில்லை. தன் குடத்தைக் கவிழ்த்து ஊற்றினாள். பிறகு அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினாள். தவசிமுத்து அவள் கையைப் பிடிக்கப் போனான். பிடித்து என்ன சொல்வது? பேசக் கூடாது. கடைசிக் குடம் இருளாயியுடையது. மெம்பர் என்பதால் எல்லோருக்கும் கிடைத்த பிறகு வாங்கிக்கொள்வதாக நின்றிருந்தாள். அவளுக்கு அரைக் குடம் வந்தபோது அண்டாவின் அடி தெரிந்தது.

இருளாயி குடத்தை இடுப்பில் ஏற்றிவிட்டு, அண்டாவைப் பார்த்தாள். முகம் மாறியது.

“ஏத்தா, உனக்கு வச்சிருக்கியா?”

ஒன்பது வருடம் அந்த ஊரில் இருந்தும் வெள்ளத்தாய் அந்த ஊர்ப் பேச்சைப் பேசியவள் அல்ல. குடம் காலியானால் சொல்லாமல் குடத்தைக் கவிழ்த்து வைப்பாள், அவ்வளவுதான். அன்றைக்குத் தெருவே அவள் முற்றத்தில் நின்றது. எதிரே இருளாயியின் முகம். அந்த முகத்துக்கு முன்னால் ‘இல்லை’ என்ற சொல் அவளுக்கே கூசியது.

“எனக்கு நிறைஞ்சிருக்கு அத்தே” என்றாள். “நீங்க கொண்டு போங்க.”

‘டிக்.’ “உண்மை, நூறு விழுக்காடு. உங்கள் நிறைவில் எங்கள் மகிழ்ச்சி.”

ஊருக்குப் பல்லியின் பேச்சு காதில் விழவில்லை. வெள்ளத்தாயின் பேச்சுதான் விழுந்தது. அதன் அர்த்தம் அவர்களுக்குத் தெரியும். இருளாயி இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினாள். “அடி பாவி மகளே. சீக்காளி, உனக்கு வச்சுக்கிறாமயா எங்களுக்கு ஊத்துன?” என்று திட்டிக்கொண்டே, ஒரு சொம்பு மொண்டு அண்டாவில் ஊற்றினாள். அடுத்தவள் ஒரு சொம்பு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் சேதி கேட்டுச் சொம்போடு திரும்பி வந்தார்கள். நாற்பத்து இரண்டு சொம்பு. கடைசிச் சொம்பு விழுந்தபோது அண்டா விளிம்பு வரை நிரம்பி, அதில் வானம் தெரிந்தது.

மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.

போன் அடித்தது. “அண்ணா, என்ன நடந்துச்சு? நிறைவுனு காட்டுது. நூறு காட்டுது. அக்காவை உடனே இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க. காலைல சொன்னாங்கல்ல, அதே மாதிரி.”

வெள்ளத்தாய் பல்லியைப் பார்த்தாள். திரும்பி அண்டாவைப் பார்த்தாள். “தண்ணி இல்ல” என்றாள்.

“உண்மை, எட்டு விழுக்காடு.”

“தண்ணி இல்ல.”

“உண்மை, ஐந்து விழுக்காடு.”

“எப்படிங்க சொல்லுவேன்?” என்றாள் அவள். “கண்ணு முன்னால கெடக்கே.”

தவசிமுத்து இருளாயியிடம் ஓடினான். “சின்னாத்தா, திருப்பி எடுத்துக்கங்க. எல்லாரும் அவுகவுக சொம்ப மொண்டுக்கங்க, சீக்கிரம்.”

இருளாயி பின்வாங்கினாள். “சீக்காளிக்கு ஊத்துன தண்ணியத் திருப்பி மொள்ளச் சொல்றியா? அதுக்கு என்னையக் கொன்னு போட்டுரு தவசி.” மற்றவர்கள் சொம்புகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

“அப்பக் கொட்டிருங்கண்ணா” என்றாள் போனில் பவதாரிணி. “கீழ கொட்டிருங்க. நாலு நிமிசம் இருக்குது. அண்டா காலியானாத்தான் அக்கா நெசமாச் சொல்ல முடியும். பத்து வருசத்துக்கு வரும்ங்கண்ணா. யோசிக்காதீங்க, கொட்டிருங்க.”

அவள் சொல்வது சரி. தவசிமுத்துவுக்கு விளங்கியது. இந்த ஒரு அண்டாவைக் கவிழ்த்தால் பத்து வருடம். வெள்ளத்தாயின் மிச்சமிருக்கும் ஒரு சிறுநீரகத்துக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அண்டாவின் இரு பக்கத்தையும் பிடித்தான். சாய்த்தான். தண்ணீர் நகர்ந்து விளிம்பைத் தொட்டது. முற்றத்தில் நின்ற நாற்பத்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். வெள்ளத்தாய் தன்னை அறியாமல் இரண்டு கையையும் நீட்டி, விளிம்புக்குக் கீழே ஏந்தினாள்.

அவன் அண்டாவை மெல்ல நிமிர்த்தினான்.

“அண்ணா? கொட்டியாச்சுங்களா?”

“தளும்புது மேடம்” என்றான் தவசிமுத்து. “சிந்திரும்.”